ஜாவாவின் மார்க்கில் கை வைத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இரண்டு நிமிடம். நேற்று நூறாக இருந்த மார்க் இன்று தொண்ணூற்று ஒன்று.

ஜாவாக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, கணினித் திரையை மறுபடி பார்த்தார். தொண்ணூற்று ஒன்றேதான். யாரோ கை வைத்திருக்கிறார்கள்!

பதினாறு வருடமாக ஜாவா என்ற நிரல்மொழியைத் தவிர வேறு எதிலும் ஒரு வரி எழுதாத மனிதர். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்ததோடு சரி, அலுவலகத்துக்கே அவர் ஜாவாக்காரர்தான். ஜாவாவை யாராவது குறை சொன்னால் தன் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் மூக்கு சப்பை என்று சொல்லிவிட்டுப் போனது போல முகம் சிவந்துவிடும்.

எல்லாம் முதலாளி கிளப்பிய வினை. ஒரு பஸ் கம்பெனிக்கு டிக்கெட் பதிவு மென்பொருள் எழுத வேண்டும். எந்த மொழியில் எழுதுவது என்று கேட்டதற்கு, ஜாவாக்காரர் ஜாவா என்றார், பைத்தான் டீமை நடத்தும் பெண்மணி பைத்தான் என்றார். முதலாளி இந்தத் தொழிலுக்கு வருமுன் தண்ணீர் பம்பு விற்றவர்.

"எனக்கு இந்த மொழியெல்லாம் தெரியாதுப்பா. மார்க்னா தெரியும்" என்றார். "லிஸ்ட் போட்டாச்சு. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பக்கம். அவங்கவங்க பக்கத்தை அவங்கவங்க பார்த்துக்குங்க. வெள்ளிக்கிழமை எது மேல நிக்குதோ அதுலதான் வேலை. அந்த மொழிக்காரங்க மென்பொருள் எழுதட்டும். மத்தவங்க கீழ்மாடிக்குப் போய் புகார் போனை எடுக்கட்டும்."

கீழ்மாடி! ஜன்னல் இல்லாத அறை, எட்டு நாற்காலி, எட்டு போன். நாற்பத்தாறு வயதில் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க, "உங்க சிரமத்துக்கு வருந்துறோம்" என்று ஊர் பேர் தெரியாதவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்தாலே அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

முதலில் வந்த விளக்கப் பக்கத்தை ஜாவாக்காரர் படிக்காமலே தாண்டிவிட்டார். அடுத்து வந்த ஜாவா பக்கம் ரொம்ப எளிமையானது. மேலே மொழியின் பெயர், பக்கத்தில் மார்க், கீழே எழுதுவதற்கு ஒரு பெரிய கட்டம். தினமும் காலை ஒன்பது மணிக்கு மார்க் மாறும். அடுத்தவர் பக்கத்தைத் திறக்க முடியாது. திங்கட்கிழமை நூறு என்று இருந்தபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. நியாயமான மார்க்தானே என்று நினைத்துக்கொண்டு, கட்டத்தில் ஜாவாவின் அருமை பெருமைகளைக் கொஞ்சம் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்குள் இந்தக் கொள்ளை.

அவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. தண்ணீர் பிடிக்கும் சாக்கில் எழுந்து பைத்தான்காரியின் மேசை வழியாகத் திரும்பத் திரும்பப் போனார். அந்தம்மா திரையை வெடுக்கென்று சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"என்ன சார், இன்னிக்கு ரொம்பத் தாகமா? இது நாலாவது தடவை."

"வெயில் காலம்."

"ஏசி ஓடுதே சார்."

"உள்ளுக்குள்ள வெயில் அடிக்குதும்மா" என்றார். "உங்க பக்கம் எப்படிப் போகுது?"

"அமோகமா போகுது சார். உங்களோடது?"

"சொல்லவே வேணாம். மார்க்கை வைக்க இடம் இல்ல."

அந்தம்மா சிரித்தார். சிரிப்பு சரியில்லை. திருடிய மார்க்கை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு அது என்று ஜாவாக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

இடத்துக்கு வந்ததும் கட்டத்தில் வரிசையாக எழுதித் தள்ளினார். 'எழுதும்போது செய்யும் தப்பில் பாதியை, நிரல் ஓடுவதற்கு முன்பே பிடித்துக் கொடுத்துவிடும்.' 'எந்த இயங்குதளத்தில் போட்டாலும் ஓடும்.' 'ஒருவர் எழுதியதைப் பத்து வருடம் கழித்து இன்னொருவர் படித்தாலும் புரியும்.' இத்தனை சாட்சி இருக்கும்போது எவள் மார்க்கைக் குறைப்பாள், பார்த்துவிடலாம்!

புதன்கிழமை காலை, எழுபத்து ஏழு.

அவர் எழுதியது ஒரு எழுத்துக்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது. மார்க்கில் மட்டும் பதினாலு போயிருந்தது. எழுதியதை அழித்தால் மாட்டிக்கொள்வோம் என்று, எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சுரண்டுகிறாள். என்ன ஒரு மூளை!

தன் டீமில் இருந்த இருவரையும் கூட்டிக்கொண்டு மாடிப்படி ஓரத்துக்குப் போனார். ஒருவர் நெட்டை, மற்றவர் குட்டை. வேலையில் இருவரும் சமம்.

"விஷயம் நம்ம மூணு பேருக்குள்ள இருக்கணும். ஜாவா பக்கத்துல திருட்டு நடக்குது."

"அந்தம்மாவா சார்?" என்றார் நெட்டை.

"பேர் சொல்லாதய்யா, படிக்கட்டுல எதிரொலிக்கும். ரெண்டு பேரும் உட்கார்ந்து ஆளுக்குப் பன்னிரண்டு பெருமை எழுதுங்க. நான் ஒரு பத்து எழுதறேன். திருடறவ கையே வலிக்கணும்."

"பைத்தான்ல பத்து வரியில முடியறதுக்கு ஜாவாவுல ஐம்பது வரி ஆகுமே சார், அதை என்னன்னு எழுதறது?" என்றார் குட்டை.

ஜாவாக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இவனும் அந்தப்பக்கத்து ஆளோ?

"விரிவா, விளக்கமா இருக்கும்னு எழுதுய்யா!"

அன்று மாலை போவதற்கு முன் பக்கத்தின் பாஸ்வேர்டையும் மாற்றினார். மறந்துவிடக் கூடாதே என்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பார்த்தார். அப்போது அவர் மனைவி தட்டு வைக்க வந்தாள். அதோடு அந்தத் தாளையும் மறந்து போனார்.

வியாழக்கிழமை காலை பார்த்தால் நாற்பத்து மூன்று.

முப்பத்து நான்கு மார்க் ஒரே நாளில்! புதுப் பாஸ்வேர்டு தெரிந்தவர் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் அவர். இன்னொருவர் அவர் மனைவி! போன ஆண்டுவிழாவில் அவர் மனைவியும் பைத்தான்காரியும் ஒரு மணி நேரம் தலையோடு தலை ஒட்டிப் பேசிக்கொண்டிருந்தது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. போன் நம்பர்கூட மாற்றிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தார்.

"நீ அந்தம்மாகிட்ட போன்ல பேசறது உண்டா?"

"எந்தம்மா?" மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த மனைவி, கால்களை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பைத்தான்."

"எப்பவாவது பேசுவேன். அவங்க பையனுக்குக் காய்ச்சல் வந்தப்ப மருந்து கேட்டாங்க."

"மருந்து மட்டும்தான் கேட்டாங்களா? பாஸ்வேர்ட் எதுவும் கேட்கல?"

மனைவி காலைக் கீழே இறக்கினாள். "என்னங்க பேசறீங்க? உங்க பாஸ்வேர்டை வாங்கி அவங்க என்ன, ஊறுகாயா போடப் போறாங்க?"

"நேத்து நான் எழுதும்போது நீ எட்டிப் பார்த்தே!"

"ஆமா, பார்த்தேன். கல்யாண நாளை பாஸ்வேர்டா வெச்சிருக்கீங்கன்னு சந்தோஷப்பட்டேன். அதுலயும் வருஷத்தைத் தப்பா போட்டிருந்தீங்க, போனாப்போகுதுன்னு விட்டேன்."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது.

"என்னதாங்க ஆச்சு உங்களுக்கு? மூணு நாளா சரியா சாப்பிடறதில்ல."

அவர் பொத்தென்று உட்கார்ந்தார். "கீழ்மாடிக்குப் போட்டுடுவாங்கம்மா. எனக்கு வேற எதுவும் தெரியாது. இனிமே புதுசா ஒண்ணு கத்துக்க முடியுமான்னு பயமா இருக்கு."

"நேரா அந்தம்மாகிட்டயே கேட்டுடுங்களேன். நீங்கதான் பண்றீங்களான்னு கேட்டா என்ன, கடிச்சா திங்கப் போறாங்க?"

"கேட்டா உஷாராயிடுவா."

கேட்கவில்லை. மாறாக, மடியில் கணினியை வைத்துக்கொண்டு, பதினாறு வருடத்து நன்றியையெல்லாம் கொட்டி இருபத்தாறு குறிப்பு எழுதினார். கடைசிக் குறிப்பில் அவருக்கே கண் கலங்கிவிட்டது. 'எனக்குச் சோறு போட்ட மொழி' என்று முடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, பதினேழு.

கூட்டம் பத்து மணிக்கு. ஜாவாக்காரர் ஒரு முடிவோடுதான் உள்ளே போனார். இன்று கையும் களவுமாகப் பிடித்துக் கொடுப்பது. எதிரே பைத்தான்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு அவரையே முறைத்துப் பார்த்தார். திருடிவிட்டு முறைப்பு வேறு! மூலையில், வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். முதலாளி சொல்வதைக் குறித்துக்கொள்வதும், அவர் கேட்கும் பட்டியல்களைத் தயார் செய்வதும் அக்காவின் வேலை.

முதலாளி தாளைப் பிரித்தார். "படிச்சிடறேன். ஜாவா, பதினேழு."

"சார், அதுல ஒரு சதி..." என்று ஜாவாக்காரர் எழுந்தார்.

"இருங்க. பைத்தான், ஒன்பது."

எழுந்தவர் அப்படியே நின்றார். ஒன்பதா?

"கோபோல், நூறு. அப்போ கோபோல்தான். பஸ் கம்பெனிக்கும் காலையிலேயே சொல்லிட்டேன், ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. நம்மள்ள யாருக்கு அது தெரியும்?"

"சார், அது எங்க அப்பாவுக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி வந்த மொழி" என்றார் ஜாவாக்காரர் ஈனஸ்வரத்தில். "அதை யார் லிஸ்ட்ல சேர்த்தது?"

"நான்தான். ரெண்டே ரெண்டு மொழி இருந்தா லிஸ்ட் மாதிரியே இல்ல. எங்கயோ பார்த்த பேர், சேர்த்துக்கிட்டேன். யாருக்கும் தெரியாதுன்னா வெளியில ஆள் எடுத்துக்கறேன். நீங்க ரெண்டு டீமும் திங்கட்கிழமை கீழ்மாடிக்குப் போயிடுங்க."

அவ்வளவுதான். பைத்தான்காரி மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இவர்தான் சார் காரணம்! நான் பாராட்டிப் பாராட்டி எழுதறேன், இவர் தினமும் என் மார்க்கைக் குறைச்சிட்டே வந்தார். தண்ணி குடிக்கற சாக்குல வேவு பார்த்தார்!"

"நானா? நீங்கதாம்மா என் மார்க்கைச் சுரண்டினீங்க! எங்க டீமே உட்கார்ந்து ஜாவாவோட பெருமையை எழுதினோம், எழுத எழுதக் குறையுது!"

"எனக்கும் அப்படித்தான் சார், எழுத எழுதக் குறைஞ்சது!"

இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். முதலாளி ஒன்றும் புரியாமல் அக்காவைப் பார்த்தார்.

அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, பரிதாபமாகச் சொன்னார்: "அந்தக் கட்டத்துல அந்த மொழியோட குறையை எழுதுங்க, ஒரு குறைக்கு ஒரு மார்க் போயிடும்னு முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருந்தேனே சார், நீங்க ரெண்டு டீமும் சேர்ந்து நாலே நாள்ல நூத்தி எழுபத்து நாலு குறை எழுதினதைப் பார்த்துட்டு, இவ்வளவு மோசமான மொழிகளை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் எப்படித்தான் காலம் தள்ளினாங்களோ பாவம்னு, எண்ணிப் போட்ட எனக்கே அழுகை வந்திடுச்சு."