பேரொளிவாணன் பெண் பார்த்த லட்சணம்

ஒரு பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்து வைத்த சமோசாவைத் தின்றுகொண்டே, அவள் பெயர் சரியில்லை என்று சொன்ன மடையன் நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டில் தனித்தமிழ்ப் பெயர் சூட்டிக்கொள்ளும் காய்ச்சல் பரவியிருந்தது. எனக்குக் கொஞ்சம் பலமாகவே கண்டிருந்தது. அம்மா வைத்த பிச்சைமுத்துவை உதறிவிட்டுப் பேரொளிவாணன் ஆனேன். (தபால்காரர் கடைசிவரை குழம்பிப்போனார், பாவம்.) அதோடு விட்டேனா? கண்ணில் பட்டவர்களின் பெயரையெல்லாம் பிய்த்துப் போட்டு, எந்தச் சீமையிலிருந்து வந்தது என்று விளக்கம் சொல்வேன். நான் வருவது தெரிந்தால் நண்பர்கள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

பெண் வீட்டாரும் அப்படித்தான். வந்த இடமெல்லாம் என் வாயால் தட்டிப்போயிருந்தது. கடைசியாக அம்மா மலைபோல் நம்பியிருந்தது இந்த ஒரு சம்பந்தத்தை. பெண்ணின் அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. பெண் தாதிப் பயிற்சியில் இருந்தாள். பெயர் ரோஷினி. கப்பலில் வந்திறங்கிய ஏதோ பம்பாய்க் குடும்பத்துக் குழந்தையின் பெயர் பிடித்துப்போய் வைத்தாராம்.

பஸ்ஸில் வழியெல்லாம் அம்மா கெஞ்சினாள். "பொண்ண மட்டும் பாருடா. பேரப் பாக்காத."

பார்த்தேன். பிடித்திருந்தது. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"ரோஷன் என்பது பாரசீகச் சொல்," என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தேன். "வெளிச்சம் என்று பொருள். தமிழில் வெளிச்சத்துக்குப் பஞ்சமா? இரவல் எதற்கு? சுடர்க்கொடி என்று மாற்றிக்கொள்ளச் சம்மதித்தால், மேற்கொண்டு பேசலாம்." (வாயில் இருந்த சமோசாவும் பாரசீக வம்சம் என்று அப்போது எனக்குத் தெரியாது. மேலே போட்டிருந்தது டெரிலின் சட்டை.)

கிராணி தட்டை என் பக்கம் நகர்த்தினார். "முதல்ல சாப்பிடுங்க லா, தம்பி. ஆறிடும்."

நான் மறுபடி வாயைத் திறந்தேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"டேய் பிச்சை! வாய மூடுறா!"

கதவோரம் நின்ற பெண் முதல்முறையாக நிமிர்ந்தாள். "பிச்சையா?"

"அதாம்மா இவன் பேரு. இவனுக்கு முன்னாடி பொறந்தது ஒண்ணும் தங்கல. எமனுக்கே எடுத்துட்டுப் போகப் பிடிக்கக்கூடாதுன்னு அப்படி ஒரு பேரு வச்சேன். தங்கிட்டான். இப்ப அது இவனுக்குக் கேவலமா இருக்காம்."

நான் இன்னொரு சமோசாவை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

"அப்பா," என்றாள் ரோஷினி, "என் பேரு இப்படியே இருக்கட்டும். பத்திரிகையில அவர் பேரு அவங்கம்மா வச்சதா இருந்தா எனக்குச் சம்மதம்."

நிபந்தனை போடப் போனவன், நிபந்தனையை வாங்கிக்கொண்டு வந்தேன். பிச்சைமுத்து – ரோஷினி என்றே அச்சானது.

அப்படியும் புத்தி வரவில்லை. மகள் பிறந்தபோது, அப்பழுக்கற்ற பெயராக ஒன்றை வழிநெடுக உருப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொண்டையைச் செருமியதுமே ரோஷினி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"புள்ளைய அத்தைகிட்டக் குடுங்க, அவங்க பேரு வைக்கட்டும். அவங்க வச்ச பேரு ஒரு உயிரக் காப்பாத்துச்சு. நீங்க வச்சுக்கிட்டது தபால்காரரத்தான் கொழப்பிச்சு."