ராஜாவுக்கு அடுத்த பதவி

சூரியன் தினமும் தவறாமல் உதிப்பதற்குக் காரணம், எங்கள் கட்டடத்துக் காப்பாளர் மொட்டைமாடிக் கதவைத் திறந்துவிடுவதுதான். ஒருநாள் அவர் சாவியை மறந்தால் உலகமே இருட்டில் பல் தேய்க்க வேண்டியதுதான். நம்பிக்கை இல்லையா? அவரிடமே கேளுங்கள். மறுக்க மாட்டார்.

கட்டடக் காப்பாளர் என்பது ஒரு தனி இனம். அடுக்குமாடி இருக்கிற இடமெல்லாம் இருக்கும். இடுப்பில் எழுபது சாவி தொங்கும். ஆறு எதையாவது திறக்கும், மிச்சம் நடக்கும்போது சத்தம் வருவதற்கு. லிஃப்ட் நின்றுபோனால் கதவில் காதை வைத்து, டாக்டர் மாதிரி "ம்..." என்பார், வைத்தியம் அதோடு முடிந்தது. எரிகிற விளக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. அடியில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் அணைத்துவிட்டுத்தான் அடுத்த படி. ஸ்க்ரூடிரைவர் இரவல் கேட்டால் ரிஜிஸ்டரில் எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். கட்டடத்திலேயே இருப்பது அந்த ஒன்றுதான்.

இவ்வளவு இருந்தும் மனுஷனுக்கு ஒரு குறை. அறைக் கதவில் "காப்பாளர்" என்று பலகை தொங்குகிறது. கூப்பிடுகிறவர்களோ "வாட்ச்மேன்!" போதாததற்குக் குடியிருப்போர் சங்கத்துக்குப் புதிதாக வந்த செயலாளர், பலகையைக் கழற்றி "வாட்ச்மேன்" என்றே மாட்டப்போவதாக அறிவித்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு. அதைக் கேட்ட அன்றைக்குக் காப்பாளர் ஒரு விளக்கைக்கூட அணைக்கவில்லை. நிலைமை எவ்வளவு மோசம் பாருங்கள்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் முளைத்தது: "காப்பாளர் - சொல்லின் பிறப்பும் பொருளும்." ஆதிகாலத்தில் ராஜாவுக்கு அடுத்த பதவி இதுவாம், அரண்மனைச் சாவியை ராஜா தொலைத்தால் இவர் வரும்வரை வாசலிலேயே நிற்பாராம், பின்னால் யானைப்படையும் நிற்குமாம். காப்பாளர் மூன்று தடவை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்புறம் யாரையும் விடவில்லை.

"அண்ணே, தோள் இறங்குது. கையெழுத்துப் போடுங்க" என்றார் சிலிண்டரோடு நின்ற ஆள்.

"இருப்பா, இன்னும் யானைப்படைக்கே வரலை."

ஞாயிறு வந்தது. செயலாளர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

காப்பாளர் சாவிக்கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

முதல் மாடி டீச்சரம்மா எழுந்தார். "புத்தகம் கிடக்கட்டும். நான் குளியலறையில வழுக்கி விழுந்தப்ப, வாசல்ல பால் பாக்கெட் அப்படியே கிடக்கேன்னு சாவி போட்டுத் திறந்து வந்தது யாரு? நீங்களா?"

"அதுக்கும் பலகைக்கும் என்னம்மா சம்பந்தம்? இப்பவே கழட்டறேன். யாருப்பா, ஸ்க்ரூடிரைவர் எங்கே?"

கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது.

காப்பாளர் மெல்ல எழுந்து போய் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து விரித்தார். "தாராளமா எடுத்துக்குங்க சார். பொருள்: ஸ்க்ரூடிரைவர். கொடுத்தவர்: காப்பாளர். அப்படி எழுதிக் கீழே கையெழுத்துப் போடுங்க. வேற மாதிரி எழுதினா செல்லாது."

செயலாளர் பேனாவைத் திறந்தார். யோசித்தார். மூடினார். பலகை இன்றும் தொங்குகிறது.

சிரிக்கிறீர்களா? நல்லது. போகிற வழியில் யார் வீட்டுக் குழாயையாவது இறுக்கி மூடியதுண்டா? பூட்டிய பூட்டை மறுபடி இழுத்துப் பார்த்ததுண்டா? பக்கத்து வீட்டு வாசலில் பால் பாக்கெட் கிடந்தால் கதவைத் தட்டிப் பார்ப்பீர்களா? இடுப்பைத் தொட்டுப் பாருங்கள். சத்தம் வரலாம்.

இந்த இடத்தோடு முடித்துவிடலாம் என்று படிக்கட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னால் எழுபது சாவி சத்தம்.

"தம்பி, உங்க வீட்டு பிரிண்டர்ல ஓரமா ஒரு கறுப்புக் கோடு விழும். அந்த யானைப்படைத் தாள்லயும் விழுந்திருந்துச்சு."

"எ... எப்ப பார்த்தீங்க?"

"முதல் தடவை படிச்சப்பவே."

"அப்புறம் ஏன் ஊர் பூரா சொன்னீங்க?"

"எனக்காக ஒருத்தன் உட்கார்ந்து எழுதியிருக்கானே, வீணாக்கலாமா? ஆனா யானையைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்டா. நம்ம கேட்டுல நுழையாது."

சொல்லிவிட்டு, என் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.