விரலை அசைத்தால் போதும்

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். தேங்காய் வாங்கினால் தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, உடைத்த பிறகும் முகர்ந்து பார்ப்பேன். இப்படிப்பட்டவனை ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராகப் போட்டார்கள். (போட்டவர்களைச் சொல்ல வேண்டும்.)

எங்கள் கேட்டில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு பலகை உண்டு. யாருக்காவது அடிபட்டால் மறுபடி பூஜ்யம். அன்றைக்கு அதில் தொண்ணூற்றொன்பது. நூறு ஆனால் எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ், எனக்கு மேடையில் சால்வை. போட்டோவுக்காக முதல் நாளே முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

காலை ஷிப்டில், மணிமங்கலத்திலிருந்து வேலைக்கு வரும் கஸ்தூரியக்கா இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மெஷினுக்குப் பின்னால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாராம். முழங்கை வலிக்கிறதாம். பெரிய வீக்கம் எதுவும் தெரியவில்லை. அதெப்படி, தொண்ணூற்றொன்பதாவது நாள் பார்த்து வழுக்கும்? அடுத்த ஷிப்ட் சூப்பர்வைசர் பொறாமையில் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பானோ?

விரலை அசைக்கச் சொன்னேன். அசைத்தார். விரல் அசைந்தால் எலும்பு உடையவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். (இந்த வைத்தியத்தை எங்கே படித்தேன் என்று இன்றுவரை தெரியாது.)

“வெரலு அசையிது சார். உள்ளங்கைய மேல பாத்தமாரி திருப்பத்தான் முடியல. நான் இன்னாத்துக்கு சார் பொய் சொல்லப் போறேன்?” என்றார். கண் கலங்கியிருந்தது.

ரிப்போர்ட்டில் விபத்து என்று நான் எழுதினால்தான் அவருக்கு ஆஸ்பத்திரியும் சம்பளத்தோடு லீவும். நான் எழுதியதோ, ‘அந்த இடத்தில் வழுக்க வாய்ப்பே இல்லை.’ அதோடு விட்டேனா? நிரூபித்துக் காட்டுகிறேன் என்று, லைன் முழுக்க வேடிக்கை பார்க்க, அதே இடத்தில் கைவீசி நடந்தேன்.

மூன்றாவது அடியில் மெஷினிலிருந்து கசிந்த கூலன்ட், அதாவது சூடு தணிக்க ஊற்றும் திரவம். வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு, கவிழ்த்து வைத்த கரண்டி மாதிரி வளைந்துவிட்டது. வெட்கமில்லாமல் விரலை அசைத்துப் பார்த்தேன். அசைந்தது.

இருவரும் ஒரே ஆம்புலன்ஸில் போனோம். எக்ஸ்ரேயில் முன்கைக்கு இரண்டு எலும்பு தெரிந்ததும், படம் மாறிவிட்டதோ என்று டாக்டரையும் சந்தேகப்பட்டேன். எல்லோருக்கும் இரண்டுதான் என்றார். கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு; உள்ளங்கையைத் திருப்பும்போது சுழல்வது அதுதானாம். கையை ஊன்றி விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அடிபடுவதும் அதில்தான். அக்காவுக்கு அதன் முழங்கைப் பக்கத்து முனையில் விரிசல், எனக்கு மணிக்கட்டுப் பக்கத்து முனையில் முறிவு. விரல் அசைவதை வைத்து எதையும் சொல்ல முடியாதாம்.

ரிப்போர்ட்டை அங்கேயே வரவழைத்து, எழுதியதை அடித்துவிட்டு, இடது கையால் கோணல்மாணலாக ‘வழுக்குகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நூறு போச்சு, சால்வையும் போச்சு. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் மாவுக்கட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

“மெய்யாலுமே ஒடஞ்சிகீதா சார்? எங்க, வெரல அசைங்க பாப்போம்.”

இதை வீட்டில் வந்து சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. இன்றைக்கும் மழை பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது என்பேன். அடுப்படியிலிருந்து மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல், “விரல அசைங்க” என்பாள். அசையும். எழுந்து போய்த் தேங்காய் துருவுவேன்.