கொடுத்தவர் பெயர்

மேசைமேல் ஒரு பிளாஸ்க் இருந்தது. செயலாளர் எழுந்து போகும்போது அது இல்லை. நகல் எடுக்கப் பக்கத்துக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் இருக்கிறது.

புத்தம் புதியது. நீல நிறம், பளபளவென்று மூடி. கடைக்காரர் சுற்றிக் கொடுத்த உறைகூட இன்னும் முழுசாகப் பிரிக்கப்படவில்லை.

வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும், "அட, பிளாஸ்க்!" என்று சந்தோஷமாக மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்திருப்பார்கள். செயலாளரோ அதைத் தொடாமல் தள்ளி நின்றார். ஏனென்றால் அவர் வேலை பார்த்தது ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில். அதிலும், பத்து நேர்மை உறுதிமொழிகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த உறுப்பினரின் அலுவலகத்தில். அந்தப் பத்தையும் உட்கார்ந்து யோசித்து எழுதியவர் இதே செயலாளர்தான். ஐந்தோடு நிறுத்தியிருக்கலாம். அன்றைக்கு உற்சாகம் தாங்கவில்லை.

நாலாவது உறுதிமொழி: இங்கே வரும் எந்தப் பரிசும் அன்றைக்கே திருப்பி அனுப்பப்படும், முடியாவிட்டால், கொடுத்தவர் பெயரோடு வாசல் பலகையில் எழுதப்படும். பலகையில் 'பொருள்' என்று ஒரு கட்டம், 'கொடுத்தவர் பெயர்' என்று ஒரு கட்டம். இரண்டும் இன்றுவரை காலி. அந்தக் காலிக் கட்டங்களைத் தினமும் சாயங்காலம் நின்று பார்த்துவிட்டுத்தான் உறுப்பினர் வண்டியில் ஏறுவார்.

ஐந்தாவது உறுதிமொழி: மறைவிடம் இல்லாத அலுவலகம். மரத்தடுப்புகளை எல்லாம் பெயர்த்துவிட்டுக் கண்ணாடி போட்டாகிவிட்டது. செயலாளர் தும்மினால்கூட வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். கழிவறைக்கு மட்டும் போனால் போகிறதென்று மரக்கதவை விட்டுவைத்திருந்தார்கள்.

பெருக்கித் துடைக்கும் அக்காவை அவசரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, இதை யாரு வச்சா?"

"எனக்கென்ன தெரியும்? நான் மாடிப்படி துடைச்சிட்டிருந்தேன். நீங்க அந்தப் பக்கம் போனீங்க, மேடம் வண்டி இந்தப் பக்கம் போச்சு. அவ்வளவுதான் தெரியும்." அக்கா பிளாஸ்கைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கனம். யாரோ மனசார வாங்கியிருக்காங்க."

மேடம் என்றால் உறுப்பினர். முன்னாள் கணக்கு டீச்சர். அவர் யாரையும் பாராட்டி யாரும் கேட்டதில்லை. முந்தைய செயலாளரை ஒரே ஒரு பேனாவைப் பரிசாக வாங்கியதற்காக வீட்டுக்கு அனுப்பியவர். இந்தச் செயலாளரின் தற்காலிக வேலைக் காலம் இன்றோடு முடிகிறது. நேற்று மேடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வந்துட்டுப் போனதும் உங்ககிட்ட பேசணும்." அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை இருக்கிறது.

காலையில் மேடத்தைப் பார்க்க வந்தவர்கள் மூன்றே பேர்: பாலம் கட்டும் கான்ட்ராக்டர், மருந்துக்கடை முதலாளியம்மா, பள்ளிக்கூட நிர்வாகி. மூன்று பேருக்கும் மேடத்திடம் காரியம் ஆகவேண்டியிருந்தது. இவர்களில் ஒருவர்தான். கூப்பிட்டுக் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

முதலில் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார்.

"சார், காலையில வந்தப்ப எங்க ஆபீஸ்ல பிளாஸ்க் ஏதாவது வச்சிட்டுப் போனீங்களா?"

அந்தப் பக்கம் குரல் குழைந்து வந்தது.

"பிளாஸ்கா... வைக்கலையே சார். அடடா. எனக்கே தோணியிருக்கணும். தப்பு என்னுதுதான்."

"இல்ல இல்ல, நான் சும்மா கேக்கறேன்..."

"புரியுது சார். உங்களுக்கு முன்னாடி இருந்தவரும் இப்படித்தான் சும்மா கேப்பாரு."

போன் வைக்கப்பட்டது. எதற்கு இந்த மனுஷன் மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசுகிறார் என்று செயலாளருக்கு விளங்கவில்லை. விளங்காமலேயே மற்ற இருவருக்கும் போன் போட்டார். அதுதான் அவர் செய்த தவறு.

சற்று நேரத்தில் கான்ட்ராக்டரின் ஆள் வந்தார். கையில் முதல் பிளாஸ்கைவிடப் பெரிய பிளாஸ்க்.

"ஐயோ, இதை எடுத்துட்டுப் போங்க!"

"வச்சிட்டு வரலைன்னா என் வேலை போயிடும் சார்."

"வச்சிட்டுப் போனா என் வேலை போயிடும்யா!"

ஆள் ஒரு விநாடி யோசித்தார். யாருடைய வேலை போனால் தனக்குப் பரவாயில்லை என்று தெளிவானதும் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

அடுத்து முதலாளியம்மா நேரிலேயே வந்துவிட்டார். பிளாஸ்கோடு ஆறு கோப்பைகளும் சேர்ந்த பெட்டி.

"அம்மா, எங்களுக்கு வேண்டாம்."

"நிறம் பிடிக்கலையா தம்பி?"

"நிறம் இல்லம்மா, இதெல்லாம் நாங்க வாங்கவே கூடாது."

"சின்னதா இருக்குன்னா வாயைத் திறந்து சொல்லுங்க. நான் என்ன அந்நியமா?"

நிர்வாகி அனுப்பியதைப் பிளாஸ்க் என்று சொல்ல முடியாது. குழாய் வைத்த பெரிய வெந்நீர்ப் பாத்திரம். இரண்டு பேர் தூக்கி வந்து இறக்கினார்கள்.

கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் ஒரு தாளில் கொட்டை எழுத்தில், 'இந்த அலுவலகத்தில் பிளாஸ்க் வாங்கப்பட மாட்டாது' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார்.

"அப்ப வேற என்ன வாங்குவாங்க?" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

செயலாளர் ஓடிப்போய்த் தாளைக் கிழித்தார்.

"எடுத்துட்டாரு. இப்ப வாங்குறாங்க போல" என்றார் அவரே. பெஞ்சில் பாதிப் பேர் எழுந்து கடைப்பக்கம் போனார்கள்.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, மேடம் ஏதாவது சொன்னாங்களா?"

"இன்னும் இல்ல."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? டீ குடிச்சீங்களா, இல்ல வழக்கம்போல ஆறவிட்டுட்டீங்களா?"

"டீயைப் பத்திப் பேசாத தாயே!" என்று சொல்லிப் போனை வைத்தார். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

டீயை ஆறவிடுவது அவருடைய பழக்கம். மேடத்தின் டிரைவர் அதைச் சொல்லித் தினமும் கேலி செய்வார். அந்த டிரைவரிடமாவது ஒரு வார்த்தை யோசனை கேட்கலாமென்றால், வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுக்கக் கூடாது. ஒன்பதாவது உறுதிமொழி. அதையும் எழுதியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசியாக வந்தது ஒரு வயதான அம்மாள். பென்ஷன் நின்றுபோய் அலைந்துகொண்டிருப்பவர். பையிலிருந்து பழைய பிளாஸ்க் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடி கழன்றுவிடாமல் இருக்க ரப்பர் வளையம் மாட்டியிருந்தது.

"புதுசு வாங்க வசதி இல்லப்பா. நல்லாக் கழுவித்தான் கொண்டாந்தேன். சூடு நிக்கும்."

செயலாளருக்கு வெட்கத்தில் காது வரை சுட்டது. நேர்மையாக இருக்கவேண்டுமென்று ஒரு மனிதன் மூன்று போன் போட்டதற்கு இதுவா விளைவு?

"உங்க மனுவை நேத்தே அனுப்பிட்டேம்மா. இதுக்கெல்லாம் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்ல" என்று பிளாஸ்கை அவர் பையிலேயே வைத்து அனுப்பினார். அம்மாள் நம்பியதாகத் தெரியவில்லை. பழசு என்பதால் வேண்டாமென்கிறார் என்று நினைத்த மாதிரிதான் முகம் இருந்தது. செயலாளர் போன் எடுக்கத் திரும்பிய நேரத்தில் அதை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மேடம்! பின்னாலேயே பத்திரிகைக்காரர்கள்!

கண்ணாடி வீட்டில் எங்கே ஒளிப்பது? செயலாளரும் பெருக்கும் அக்காவும் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாரிக்கொண்டு கழிவறைக்கு ஓடினார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தை உருட்டித் தள்ளி, அதன்மேல் பெட்டி, பெட்டிமேல் பிளாஸ்குகள் என்று அடுக்கி, மூச்சைப் பிடித்துக் கதவைச் சாத்தினார்கள்.

மேடம் உள்ளே வந்தார். பத்திரிகைக்காரர்களுக்குச் சுவரைக் காட்டினார், உறுதிமொழிகளைக் காட்டினார், காலிப் பலகையைக் காட்டினார்.

"இங்க ஒளிச்சு வைக்கறதுக்கு எதுவும் இல்ல. எல்லாம் கண்ணாடி."

"ரொம்ப நல்ல விஷயம் மேடம்" என்றார் ஒரு பெரியவர், பத்திரிகையில் பழம் தின்று கொட்டை போட்டவர். நெளிந்துகொண்டே செயலாளர் பக்கம் திரும்பினார். "தம்பி, பாத்ரூம் எங்க இருக்கு?"

"ரிப்பேர் சார்! ரிப்பேர்! பக்கத்துக் கடையில..."

"எனக்குச் சர்க்கரை வியாதிப்பா, பக்கத்துக் கடை வரைக்கும் தாங்காது" என்று அவர் கதவைத் திறந்தார்.

அடுக்கு சரிந்தது. பிளாஸ்குகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வந்தன. ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்க் மேடத்தின் செருப்பில் முட்டி நின்றது. கேமராக்கள் பளிச் பளிச்சென்று மின்னின.

மேடம் செயலாளரைப் பார்த்தார். கணக்கு டீச்சரின் பார்வை. செயலாளர் இனி இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மேசைமேல் இருந்த பிளாஸ்க், மூன்று போன், ஒட்டிய தாள், கிழித்த தாள், பென்ஷன் அம்மாள். சொல்லி முடிக்கும்போது அவர் குரல் உடைந்திருந்தது.

மேடம் குனிந்து ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்கைக் கையில் எடுத்தார்.

"இல்லாத அம்மா கையிலேருந்து இதை வர வச்சிட்டாங்களே" என்றார் மெல்ல. பிறகு குரல் உயர்ந்தது. "இதெல்லாம் எதனால வந்தது? அந்த முதல் பிளாஸ்கால வந்தது. பேர் சொல்லாம, மறைவா, நைசா ஒருத்தர் கொண்டுவந்து வச்சாங்க பாருங்க, அவங்கதான் இந்த ஆபீஸைக் கெடுத்தது! எழுதிக்கோங்க எல்லாரும். அது யாரா இருந்தாலும் சரி, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, அந்தப் பேரை இந்தப் பலகையில என் கையாலேயே எழுதாம இன்னிக்கு நான் வீட்டுக்குப் போக மாட்டேன்!"

பத்திரிகைக்காரர்கள் வேகவேகமாக எழுதிக்கொண்டார்கள். மேடம் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகை முன் போய் நின்றார். 'பொருள்' கட்டத்தில் 'பிளாஸ்க்' என்று எழுதினார். 'கொடுத்தவர் பெயர்' கட்டத்தில் கையை வைத்துக்கொண்டு, "சொல்லுங்க, யாருக்குத் தெரியும்?" என்றார்.

வாசலில் வண்டிச் சாவியோடு நின்றுகொண்டிருந்த டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"மேடம்... 'தம்பி வேலை நாளையோட நிரந்தரமாகுது, நல்லதா ஏதாவது வாங்கி அவர் மேசையில வச்சிடு, ஆனா நான் கொடுத்தேன்னு மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது'ன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"