சவ வண்டியிலிருந்து கையசைத்த கவர்னர்

எங்கள் சவ வண்டியைத் தூக்கிக்கொண்டு போனது நீங்கள்தான், தேசியத் தலைவரே. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. வண்டியோடு சேர்த்து ஒரு மனிதரின் மரியாதையையும் ஏற்றிக்கொண்டு போனீர்கள். அவர் யாரென்று வாசகர்களுக்குச் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன்.

சவ வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கையசைத்த ஒரே மனிதர், இந்தப் பினாங்குத் தீவிலேயே அவர்தான். ஜார்ஜ்டவுனில் அவருக்குக் கவர்னர் என்று பெயர். சொந்தப் பெயர் சொன்னால் அவர் வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

எங்களுடையது ஈமச்சடங்கு உதவிச் சங்கம். தலைமையகம் கோலாலம்பூரில் இருக்கிறது. பினாங்குக் கிளையின் செயலாளரையும் செயற்குழுவையும் நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம். கிளைத் தலைவரை மட்டும் தலைமையகம் நியமிக்கும். அப்படி வந்து இறங்கியவர்தான் இவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வு பெற்ற அரசாங்கக் குமாஸ்தா, கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை.

செயலாளர் லெட்சுமி அக்கா பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். முதல் கூட்டத்திலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள யாருய்யா தேர்ந்தெடுத்தா?"

"ஒருத்தரும் இல்லை, பிள்ளை. எங்கட மாநில ஆளுநரை ஆர் தெரிவு செய்தது? மாமன்னர் நியமிக்கிறார். முதலமைச்சர் சொல்லுறபடி ஆளுநர் கையெழுத்து வைக்கிறார். நீர் முதலமைச்சர், நான் ஆளுநர். நீர் சொல்லும், நான் வைக்கிறன்."

"அப்ப நீங்க எதுக்கு?"

"ரிப்பன் வெட்ட."

அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். அவரும் அதைப் பதவியாகவே எடுத்துக்கொண்டார். செயற்குழு எதைத் தீர்மானித்தாலும் கையை உயர்த்தி "பெர்கெனான்!" என்பார். அரண்மனையில் சம்மதம் தரும்போது சொல்கிற மலாய்ச் சொல் அது. தே தாரேக் டீ இன்னொரு கிளாஸ் வேண்டுமா என்று கேட்டாலும் பெர்கெனான்தான்.

புதுச் சவ வண்டி வாங்கியபோது ரிப்பன் கட்டச் சொன்னார். கட்டினோம். வெட்டினார். அதோடு விட்டாரா? மைக்கைப் பிடித்து, "பொதுமக்கள் எல்லாரும் திரண்டு வந்து இந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்" என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

டிரைவர் மணியண்ணன் சத்தமாகவே சொன்னார்: "கொஞ்சம் மெதுவா பயன்படுத்திக்கலாம் லா, ஐயா. என்ன அவசரம்?"

பத்து லஞ்சாங் வட்டாரத்து மயானத்துக்கு ஒவ்வொரு முறையும் அவர் முன்சீட்டில் ஏறிவிடுவார். சிக்னலில் வண்டி நின்றால் போதும், பக்கத்து மோட்டார் சைக்கிள்காரருக்குக் கையசைப்பார். மணியண்ணனுக்கு மானம் போயிற்று.

"ஐயா, பின்னால ஆளு படுத்திருக்காரு. நீங்க டாட்டா காட்றீங்க!"

"அவருக்காகத்தான் காட்டுறன், தம்பி. அவரால ஏலாது."

அதன் பிறகு மணியண்ணனே சிக்னல் வந்தால் வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

பிறகு நீங்கள் வந்தீர்கள், தேசியத் தலைவரே. பினாங்குக் கிளையைக் கலைத்து, வண்டியைத் தலைமையகத்தில் வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் வசதி என்றீர்கள்.

"பினாங்குல செத்தவன் கோலாலம்பூர் வண்டி வர்ற வரைக்கும் காத்துக் கெடக்கணுமா?" என்று லெட்சுமி அக்கா கேட்டார். விதிப்படி கிளைத் தலைவர் சம்மதித்தால் போதும் என்று கவர்னர் பக்கம் திரும்பினீர்கள்.

"சும்மா ஒரு கையெழுத்துதானே ஐயா. உங்கள போட்டதே நாங்கதானே?"

"ஓம், நீங்கள்தான் போட்டனீங்கள். ஆனா ஆளுநர் தன்ட சொந்த யோசனையில செய்யக்கூடியது கொஞ்சம்தான். சட்டமன்றத்தைக் கலைக்கச் சம்மதிக்க மாட்டன் எண்டு சொல்லுறது அதில ஒண்டு." பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "பெர்கெனான் இல்லை."

அவரைக் கோலாலம்பூரின் ஆள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கோலாலம்பூரும் அப்படித்தான் நினைத்திருந்தது.

உண்மையான ஆளுநரை நீக்க வேண்டுமானால் மாநிலச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆதரித்துக் கேட்க வேண்டும். எங்கள் கவர்னரை நீக்க உங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் போதுமாக இருந்தது. அடுத்து நீங்கள் அனுப்பிய ஆள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டார். வண்டி பாலம் தாண்டிப் போனது. கவர்னர் கரையில் நின்று அதற்கும் கையசைத்தார்.

இந்த வருஷம் அவர் போய்விட்டார். லெட்சுமி அக்கா தலைமையகத்துக்குப் போன் செய்தார். வண்டி ஜொகூரில் இருக்கிறதாம். கடைசியில் பாலிக் புலாவிலிருந்து டுரியான் பழம் ஏற்றுகிற லோரி ஒன்றைக் கொண்டுவந்தோம். எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. மணியண்ணன் ஓட்டினார். லெட்சுமி அக்கா முன்சீட்டில் ஏறி, கண்ணைக்கூடத் துடைக்காமல், பத்து லஞ்சாங் வரைக்கும் கையசைத்துக்கொண்டே போனார்.

தேசியத் தலைவரே, பொதுக்கூட்டம் வருகிறது. உறுப்பினர்கள் முன்னால் மைக்கைப் பிடித்து நின்று பதில் சொல்லுங்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் அவரை ஏன் நீக்கினீர்கள்? எங்கள் வண்டி எப்போது திரும்பி வரும்?

அவருக்காகத்தான் கேட்கிறேன். அவரால் ஏலாது.