சகலையின் பல்

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, கடையிலிருந்து கொண்டுவந்த மாதிரித் துணிகளை ஒவ்வொன்றாகத் தன் பல்லோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். திரைச்சீலைக் கடையில் பன்னிரண்டு வருட விற்பனையாளன். வெள்ளையில் மட்டும் பதினாறு வகை சொல்வான். சகலையின் பல் பால்வெள்ளை. நேற்று சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து நன்றாகவே பார்த்துவிட்டான். தன்னுடையது கோதுமை மாவு நிறத்தைத் தாண்டவில்லை. வயிறு எரிந்தது.

"உள்ள என்னதான் பண்றீங்க?" என்று கதவைத் தட்டினாள் மனைவி.

"பல்லு விளக்குறேன்."

"அரை மணி நேரமாவா? அக்கா வீட்டுக்காரர் டாக்டர்கிட்ட போய் ஒரே மணி நேரத்துல பல்லை வெளுத்துக்கிட்டு வந்துட்டார். சிரிச்சா பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு."

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இவன் சிரிப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்தவன் சிரித்தால் மட்டும் வயது குறைகிறதாம். இருக்கட்டும், என் சிரிப்பையும் அவள் வாயால் சொல்ல வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டான்.

டாக்டரிடம் போனால் சகலையைக் காப்பியடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் வீட்டிலேயே பல் வெளுக்கும் பெட்டி ஒன்றை மருந்துக் கடையில் வாங்கினான். பல்லில் மாட்ட ஒரு அச்சு, அதில் பிதுக்க ஒரு களிம்பு. தினம் அரை மணி நேரம், இரண்டு வாரம் என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சகலை மறுபடி பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பாரே, அதுவரை யார் பொறுப்பது? இரண்டு மடங்கு பிதுக்கி, நாள் முழுக்க மாட்டிக்கொண்டான்.

மறுநாளே பல் கூச ஆரம்பித்தது. காற்றுப் பட்டாலும் உயிர் போனது. வாயை இறுக்க மூடிக்கொண்டே வளைய வந்தான்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு மூஞ்சியை இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க?"

"ம்."

"எங்க அத்தான் எவ்வளவோ தேவலை. வாய் நிறையப் பேசுவார்."

மூன்றாம் நாள் கடையில் அச்சு மாட்டிய வாயோடு ஒரு அம்மாவுக்கு வெல்வெட் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். முதலாளி பக்கத்தில் வந்து மோப்பம் பிடித்தார்.

"பேச்சு குழறுதே. பட்டப்பகல்லயே ஏத்திக்கிட்டு வந்துட்டியா? எங்க, ஊது."

ஊதினான். அச்சு பறந்துபோய் அரக்கு நிற வெல்வெட்டில் விழுந்தது. அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயங்காலம் பார்த்தால், துணியில் வரிசையாகப் பத்துப் பல் பளிச்சென்று வெளுத்திருந்தது. இவன் பல்லோ திட்டுத் திட்டாகக் கிடந்தது. அந்தத் துணியின் மீதும் அவனுக்குப் பொறாமை வந்தது.

சனிக்கிழமை வெட்கத்தை விட்டு, சகலை போன அதே பல் டாக்டரிடம் போனான். உள்ளே கூப்பிடுவதற்கு முன் உதவியாளர் பெண் கேட்டாள்.

"எந்த மாதிரி சிரிப்பு வேணும்னு ஒரு போட்டோ காட்டச் சொல்லுவோம். வச்சிருக்கீங்களா?"

செல்போனில் சகலையின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். "இதே மாதிரி. இதைவிட ஒரு பங்கு கூடிப்போனாலும் பரவாயில்லை."

டாக்டர் அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"வீட்டுல வெளுக்கிறது தப்பில்லை. ஆனா அளவோட செய்யணும். இங்கன்னா ஈறை மூடிட்டு, நாங்க பக்கத்துல நின்னு பார்த்துப்போம். உங்க ஈறு வெந்து கிடக்கு. ஆறு மாசத்துக்கு இதைத் தொடவே முடியாது."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, டாக்டர்."

"வாயை மூடிக்கிட்டுச் சிரிங்க."

கண் கலங்க வெளியே வந்தான். இனி எந்த ஜென்மத்தில் மனைவி இவன் சிரிப்பைப் பார்க்கப்போகிறாள்? சீட்டு எழுதிக்கொண்டிருந்த உதவியாளர் பெண் நிமிர்ந்து அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"சார், நீங்க காட்டுனீங்களே அவரு, 'என் மச்சினி எப்பப் பார்த்தாலும் தன் புருஷன் சிரிப்பைப் பத்தியே பெருமை பேசுறா, அவரை மிஞ்சணும்'னு சொல்லி, போன வாரம் உங்க போட்டோவைத்தான் கொண்டாந்து காட்டினாரு."