கம்பளி அண்ணனின் ரப்பர் சட்டை

ரங்கூன் நகரத்தில் தீயைப் பார்த்துச் சிரித்து, தண்ணீரைப் பார்த்து நடுங்கிய ஒரே மனிதர் எங்கள் கம்பளி அண்ணன்தான். வருஷா வருஷம் அம்மன் கோயிலில் விரதமிருந்து பூக்குழி இறங்குவார். எரியும் தணலில் கடைக்குப் போகிறவர் மாதிரி நடந்துவிட்டு, கடைசியில் கால் நனைக்க வைத்திருக்கும் பாலில் இறங்கும்போதுதான் "ஐயோ!" என்று அலறுவார். "ஏன் சாமி, இந்தப் பாலைக் கொஞ்சம் காய்ச்சி வைக்கக்கூடாதா?" என்று பூசாரியிடமே ஒரு தடவை கேட்டுவிட்டார்.

பசுந்தாங் பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடி அவருடையது. சித்திரை வெயிலில் ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடும் நாட்களில், இவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். ஆற்றில் ஆளேற்றிப் போகும் லாஞ்சில் இஞ்சின் டிரைவராகச் சேர்ந்ததுகூட, ஊரிலேயே சூடான அறை அதுதான் என்பதற்காகத்தான் என்று அவர் மனைவி செல்லம்மா அக்கா சொல்வார்.

அக்கரைத் தன்லியினுக்குப் பாலம் வந்ததும் ஜனங்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். சில வருஷம் இழுத்துப் பார்த்த முதலாளி லாஞ்சை விற்றுவிட்டார். அண்ணன் வேலையில்லாமல் உட்கார்ந்தார். வீட்டில் இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்துவதில்லை என்று அண்ணன் தீர்மானமாக இருந்தார்.

அப்போதுதான் நகரத்து ஏரியில் ஊ டின் என்ற படகுக்காரர், வெளிநாட்டு விருந்தாளிகளுக்காக ஒரு புது விளையாட்டை ஆரம்பித்தார். வேகப்படகு போகும்போது பின்னால் எழும் அலைமேல் ஒரு பலகையில் நிற்க வேண்டும். கயிற்றைப் பிடித்து எழுந்து, அப்புறம் கயிற்றையும் விட்டுவிட வேண்டும். வேக் சர்ஃபிங் என்று பெயர். சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. ஆடும் லாஞ்சின் முனையில் கையை வீசிக்கொண்டு நின்று பழகியவர் அண்ணன். ஓர் உச்சிவெயிலில் போய், அன்று மாலைக்குள் அலைமேல் நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

ஆனால் விருந்தாளிகள் வருவதோ மார்கழியில். அதுவும் காற்று அடங்கி ஏரி கண்ணாடியாகக் கிடக்கும் விடியற்காலையில்தான் அவர்களுக்கு விளையாட வேண்டும். ரங்கூன் குளிரெல்லாம் ஒரு குளிரா என்று நீங்கள் சிரிக்கலாம். பனிமூட்டத்தில், நனைந்த உடம்போடு, ஓடும் படகின் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சிரியுங்கள். அண்ணனுக்கு விரல் மடங்கவில்லை, கயிறு நழுவிப் போயிற்று.

"அகோ, நீங்க நல்லாத்தான் நிக்கிறீங்க. எனக்குக் காலையில நிக்கிற ஆள் வேணும்," என்றார் ஊ டின். பர்மியர்களுக்கு அண்ணன் என்றால் அகோ. "அடுத்த ஞாயிறு ஒரு தடவை பார்ப்போம். முடியலேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

அன்று முதல் எங்கள் மாடிப்படி போர்க்களமாயிற்று. முதலில் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர். கம்பளி தண்ணீர் குடித்துக் குடித்து, அண்ணனைக் கல்லைக் கட்டிப் போட்டதுபோல் இழுத்துக்கொண்டு போனது. அடுத்து உடம்பு முழுக்க நல்லெண்ணெய். குளிர் கொஞ்சம் குறைந்தது. பலகையில் கால்தான் நிற்கவில்லை. எழுந்தவர் எழுந்த வேகத்திலேயே விலாங்கு மீன் மாதிரி வழுக்கிப் போனார். மூன்றாவதாக, செல்லம்மா அக்கா பிளாஸ்டிக் விரிப்பில் சட்டை தைத்தார். உள்ளே காற்று புகுந்து ஊதிக்கொண்டதில் அண்ணன் ஏரி நடுவில் மிதந்தாரே தவிர, எந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை.

கடைசியில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் வெளிநாட்டுப் பழந்துணி மூட்டை பிரிக்கும் கடையில், கறுப்பு ரப்பரில் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே சட்டையாக ஒன்றைப் பிடித்தார். தீயணைப்புக்காரர்கள் போடுவது என்று கடைக்காரம்மா சொன்னாராம். சின்னது ஒன்று, பெரியது ஒன்று இருந்தது. அண்ணன் பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒரே விலை, ரப்பர் அதிகம். உள்ள ரெண்டு ஸ்வெட்டரும் போட்டுக்கலாம். எப்படி?"

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அந்தச் சட்டை எதற்கானது என்று கல்லூரி நூலகத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டி, அகராதியை வைத்துக்கொண்டு படித்துவிட்டுத்தான் மாடி ஏறினேன்.

"அண்ணே, இது தீக்கு இல்ல, தண்ணியில போடுற சட்டை. சின்னதுதான் வேணும். தோலோட ஒட்டணும். தண்ணி உள்ள கொஞ்சம் வரும். வந்தது வெளிய போகாம நின்னா, உடம்புச் சூட்டுல அதுவும் சூடாயிடும். தொளதொளன்னு இருந்தா பச்சைத் தண்ணி வந்துவந்து போயிட்டே இருக்கும்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டியா செல்லம்மா? தண்ணிக்குத் தண்ணியே போர்வையாம்! இதுக்காடி ஸயாமா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினாங்க?" ஸயாமா என்றால் டீச்சர். நான் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் எனக்கு வைத்த பெயர் அது.

நான் விடவில்லை. "பூக்குழிக்குப் போறப்ப ஈர மஞ்சள் வேட்டியோட ஊர்வலம் போறீங்களே, குளிராதா?"

"இறுக்கிச் சுத்திக்குவேன். கொஞ்ச நேரத்துல ஈரமே வெதுவெதுன்னு ஆயிடும். காத்துல பறக்க விட்டாத்தான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். "செல்லம்மா, கடை மூடியிருப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே படி இறங்கினார்.

ஞாயிறு விடியலில் சின்னச் சட்டைக்குள் அவரை ஏற்றியது ஒரு தனிக்கதை. முகத்துக்குப் பூசும் தனாக்காப் பொடியை உடம்பெல்லாம் தட்டி, நானும் அக்காவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். "மூச்சு விடாதீங்க!" "விட முடிஞ்சாத்தானே விடாம இருக்க!" ஏறிய சட்டையைக் கழற்றி ஏரிக்கரையில் திரும்பப் போடும் தைரியம் யாருக்கும் இல்லை. அதனால் மேலே ஒரு லுங்கியைச் சுற்றிக்கொண்டு அப்படியே பஸ் ஏறினார். "உன் பேச்சைக் கேட்டுத்தானே போறார், நீயும் போ," என்று அக்கா என்னையும் ஏற்றிவிட்டார்.

நடத்துனர் அவரை மேலும் கீழும் பார்த்து, "அகோ, எந்த வண்டி டயர் இது?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அண்ணன் காதில் வாங்கவில்லை. என் பக்கம் குனிந்து, பயந்த குரலில், "ஸயாமா, நெத்தியில ஏதோ வழியுது," என்றார்.

"வேர்வை, அண்ணே."

"எனக்கா?"

ஏரியில் படகு உறுமிக்கொண்டு நின்றது. அண்ணன் தண்ணீரில் இறங்கியதும், கழுத்து வழியாக முதல் தண்ணீர் உள்ளே போனது. அவர் போட்ட கூச்சலில் கரை மரத்துக் காக்கைகளெல்லாம் பறந்தன. கயிற்றைப் பிடித்தார், எழுவதற்குள் விழுந்தார். ஊ டின் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். படித்தது தப்பாக இருந்தால் அந்த வீட்டின் அரிசிக்கு யார் பதில் சொல்வது?

கொஞ்ச நேரம் தலை மட்டும் தெரிந்தது. பிறகு குரல் வந்தது: "ஸயாமா! வெதுவெதுங்குது! இழுக்கச் சொல்லு!"

படகு இழுத்தது. அண்ணன் எழுந்தார். கயிற்றை வீசினார். பனிக்குள் போய் மறைந்தார். படகுச் சத்தம் தேய்ந்து, மறுபடி வளர்ந்து, ஏரியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் நின்றுகொண்டே இருந்தார். கறுப்பாக, நிமிர்ந்து, மீசையில் சொட்டச் சொட்ட, பல் கிட்டாமல்.

கரையேறியவரிடம் ஊ டின், "நாளையிலிருந்து வாங்க அகோ. சம்பளம் பேசிடலாமா?" என்றார்.

அண்ணன் அவரைத் தாண்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலேஜ் ரவிக்கையும் லுங்கியுமாக, காத்திருந்த பதற்றத்தில், குளிரில் நான் நடுங்குவது எனக்கே தெரிந்திருக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல அந்தப் பொண்ணுக்குச் சூடா ஒரு டீ சொல்லுங்க. விறைச்சு நிக்குது பாருங்க."

நான் அதைக் குடித்து முடிக்கும்வரை அவர் சம்பளப் பேச்சை எடுக்கவே விடவில்லை.